இரட்டையர் டென்னிஸ்: ஆட்ட முடிவை ரசிகர் கணிக்க முடியுமா? – ஒரு விளக்கம்

வடாலா (மும்பை): கிரிக்கெட் ஆட்டம் தொடங்கும் முன்பே வெற்றியாளரை அறிவித்துவிடும் பழக்கம் வடாலா, மாட்டுங்கா, செம்பூர் பகுதித் தமிழ்க் குடும்பங்களுக்குப் புதிதல்ல. டென்னிஸ் என்று வரும்போது அந்த உறுதி சற்றுக் குறைகிறது. இரட்டையர் டென்னிஸ் என்றால் பெரும்பாலோர் இந்திய வீரர் இருக்கும் பக்கத்தைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றனர்.

ஆனால் இந்திய ரசிகருக்கு டென்னிஸில் பெரிய பட்டங்களைத் தந்திருப்பது இரட்டையர் பிரிவே ஆகும். சீனியர் ஒற்றையர் பிரிவில் இந்தியர் எவரும் கிராண்ட்ஸ்லாம் பட்டம் வென்றதில்லை. 1997-ஆம் ஆண்டு பிரெஞ்சு ஓப்பன் கலப்பு இரட்டையரில் ஜப்பானின் ரிகா ஹிராக்கியுடன் இணைந்து பட்டம் வென்ற, சென்னையில் பிறந்த மகேஷ் பூபதிதான் கிராண்ட்ஸ்லாம் வென்ற முதல் இந்தியர். அதன் பின்னர் லியாண்டர் பயஸ், மும்பையில் பிறந்து ஹைதராபாத்தில் வளர்ந்த சானியா மிர்சா, ரோஹன் போபண்ணா என வந்த பட்டங்கள் அனைத்தும் இரட்டையர், கலப்பு இரட்டையர் பிரிவுகளில் கிடைத்தவையே.

எனவே இந்த ஆட்டத்தின் முடிவைக் கணிக்க விரும்பும் ரசிகர் எதைப் பார்க்க வேண்டும், எதைப் பார்க்கத் தேவையில்லை, அவரது கணிப்பு எந்த அளவுக்குப் பலிக்கக்கூடும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். பணம் வைத்துக் கணிப்பவர்கள் கவனிக்க வேண்டிய கணக்கும் சட்டமும் பிற்பகுதியில் இடம்பெறுகின்றன.

முதலில் விதிகள்

ஒற்றையர் ஆட்டத்தைப் பார்த்துப் பழகியவர் இரட்டையரில் தடுமாறும் இடம் விதிகள்தான். ஆடவர், மகளிர் சுற்றுப்பயணப் போட்டிகளின் இரட்டையர் ஆட்டங்களில் ஒரு கேம் 40-40 என டியூஸ் ஆனால் அட்வான்டேஜ் கிடையாது. அடுத்து ஆடப்படும் ஒரே புள்ளி அந்த கேமின் வெற்றியாளரைத் தீர்மானிக்கிறது. அந்தப் புள்ளியில் சர்வீஸை எந்தப் பக்கத்தில் எதிர்கொள்வது என்பதை எதிர் இணையே தேர்வு செய்யலாம். இரு இணைகளும் ஆளுக்கொரு செட் வென்றால் மூன்றாவது செட்டுக்குப் பதிலாக 10 புள்ளி டை-பிரேக் ஆடப்படுகிறது. ஆடவர் சுற்றுப்பயணத்தில் இந்த முறை 2006 முதல் நடைமுறையில் உள்ளது.

கிராண்ட்ஸ்லாம் போட்டிகளின் ஆடவர், மகளிர் இரட்டையரில் நிலைமை வேறு. அங்கே அட்வான்டேஜ் உண்டு. மூன்றாவது செட் முழுமையாக ஆடப்படும். அந்தச் செட் 6-6 ஆனால் 10 புள்ளி டை-பிரேக். விம்பிள்டன் ஆடவர் இரட்டையர் மட்டும் நெடுங்காலம் ஐந்து செட் ஆட்டமாக நீடித்து, 2023-இல் மூன்று செட்டாகக் குறைந்தது.

இந்த வேறுபாடு கணிப்பவருக்கு ஏன் முக்கியம்? ஆட்டம் எவ்வளவு குறுகுகிறதோ, அவ்வளவுக்கு வலுவான இணையின் சாதகம் கரைகிறது. சிறு கணக்கு ஒன்றைப் பார்க்கலாம். சர்வீஸ் செய்யும் இணை ஒவ்வொரு புள்ளியையும் வெல்லும் வாய்ப்பு 65 விழுக்காடு என வைத்துக்கொண்டால், அட்வான்டேஜ் முறையில் அந்த இணை தனது சர்வீஸ் கேமைத் தக்கவைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 83 விழுக்காடு. அட்வான்டேஜ் இல்லாத முறையில் அது 80 விழுக்காடாகக் குறைகிறது. மூன்று விழுக்காடுதானே எனத் தோன்றலாம். ஒரு ஆட்டத்தில் இருபதுக்கும் மேற்பட்ட கேம்கள் ஆடப்படுவதையும், பல செட்கள் ஒரே ஒரு சர்வீஸ் முறிவில் முடிவதையும் நினைவில் கொண்டால் இதன் கனம் புரியும்.

10 புள்ளி டை-பிரேக் இதைவிடக் கொடியது. ஒவ்வொரு புள்ளியிலும் 52 விழுக்காடு வாய்ப்புள்ள இணை, அதாவது எதிராளியைவிடச் சற்றே மேலான இணை, அந்த டை-பிரேக்கை வெல்லும் வாய்ப்பு சுமார் 57 விழுக்காடுதான். புள்ளிக்கு 55 விழுக்காடு என்ற பெரிய சாதகம் இருந்தாலும் 68 விழுக்காட்டைத் தாண்டுவதில்லை. மூன்றில் ஒரு முறை மேலான இணை தோற்றுப்போகும். அது அந்த இணையின் குறையன்று. ஆட்ட அமைப்பின் இயல்பு.

பழைய ஆட்டம் ஒன்றை இதனுடன் ஒப்பிடலாம். 1999 விம்பிள்டன் இறுதியில் பயஸ் – பூபதி இணை, நெதர்லாந்தின் பால் ஹார்ஹுயிஸ், அமெரிக்காவின் ஜாரெட் பாமர் இணையிடம் முதல் செட்டை டை-பிரேக்கில் இழந்தது. ஐந்து செட் ஆட்டம் என்பதால் மீண்டுவர நேரம் இருந்தது. அடுத்த மூன்று செட்களையும் வென்று பட்டம் வென்றனர். அந்த ஆண்டில் நான்கு கிராண்ட்ஸ்லாம் இறுதிகளுக்கும் முன்னேறிய அவர்கள், பிரெஞ்சு ஓப்பனையும் விம்பிள்டனையும் கைப்பற்றினர். இன்றைய சுற்றுப்பயண ஆட்டத்தில் முதல் செட்டை இழந்த இணைக்கு எஞ்சுவது ஒரு செட்டும் பத்துப் புள்ளிகளும் மட்டுமே.

ஒரு புள்ளி இங்கே, ஒரு புள்ளி அங்கே

2024 ஆஸ்திரேலிய ஓப்பனை எடுத்துக்கொள்வோம். 43 வயது போபண்ணா, ஆஸ்திரேலியாவின் மேத்யூ எப்டனுடன் இணைந்து பட்டம் வென்றார். ஓப்பன் யுகத்தில் கிராண்ட்ஸ்லாம் வென்ற மிக மூத்த ஆடவர் எனப் பெயர் பெற்றார். காலிறுதி வெற்றியிலேயே உலகின் முதல்நிலை இரட்டையர் வீரர் என்ற இடமும் அவருக்கு உறுதியானது. இறுதி ஆட்டத்தில் இத்தாலியின் சிமோன் பொலேலி – ஆண்ட்ரியா வவாசோரி இணையை 7-6, 7-5 என வீழ்த்தினர்.

பட்டப் பலகையில் பெயர் பொறிக்கப்பட்ட பின் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் முதல் சுற்றிலேயே உள்ளூர் வீரர்களான ஜேம்ஸ் டக்வொர்த் – மார்க் போல்மன்ஸ் இணைக்கு எதிராக அவர்கள் மூன்றாவது செட் டை-பிரேக் வரை செல்ல வேண்டியிருந்தது. அரையிறுதியில் தாமஸ் மஹாச் – ஜாங் சிசென் இணையுடனும் அதே கதை. இரு ஆட்டங்களில் ஏதேனும் ஒன்றில் சில புள்ளிகள் மாறியிருந்தால், அந்தப் பதினைந்து நாட்களைப் பற்றி இன்று யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

சுற்றுகளைக் கடப்பது குறித்து மற்றொரு கணக்கும் உண்டு. 16 இணைகள் பங்கேற்கும் போட்டியில் பட்டம் வெல்ல நான்கு வெற்றிகள் தேவை. ஒவ்வொரு ஆட்டத்திலும் 60 விழுக்காடு வாய்ப்புள்ள வலுவான இணைகூட நான்கையும் வெல்லும் வாய்ப்பு 13 விழுக்காடுதான். 64 இணைகள் மோதும் கிராண்ட்ஸ்லாமில் ஆறு வெற்றிகள் வேண்டும். ஆட்டத்திற்கு 70 விழுக்காடு என்றாலும் பட்ட வாய்ப்பு 12 விழுக்காட்டைத் தொடாது. ஆகவே ரசிகர் ஒருவர் போட்டி தொடங்கும் முன்பே சாம்பியனைச் சொல்ல முயல்வதைவிட, ஒவ்வொரு ஆட்டமாகக் கணிப்பதே பொருளுள்ளது.

இங்கே செய்தி மேசையின் பழக்கம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தரநிலை பெற்ற இணை தோற்றவுடன் 'அதிர்ச்சித் தோல்வி' என்று தலைப்பிடுவது தமிழ் விளையாட்டுச் செய்திகளில் வழக்கமாகிவிட்டது. ஆங்கிலச் செய்தியை மொழிபெயர்க்கும்போது இக்கட்டுரையாளரும் பலமுறை அவ்வாறே எழுதியுள்ளார். 57-க்கு 43 என்ற நிலையில் இருந்த ஆட்டம் மறுபக்கம் சாய்ந்தால் அதில் அதிர்ச்சி எதுவும் இல்லை. அந்தச் சொல்லைத் தொடர்ந்து படிக்கும் ரசிகர், தரநிலைக்கு அது தாங்கக்கூடியதைவிட அதிக எடை கொடுக்கப் பழகிவிடுகிறார்.

தரவரிசை சொல்வதும் சொல்லாததும்

இரட்டையர் தரவரிசை இணைக்கு உரியதன்று; தனி வீரருக்கு உரியது. கடந்த 52 வாரங்களில் அவர் யாருடன் ஆடியிருந்தாலும் ஈட்டிய புள்ளிகளின் தொகுப்பு அது. 20-ஆம் இடத்தில் உள்ள இருவர் இன்று முதன்முறையாகச் சேர்ந்து ஆடலாம். 60-ஆம் இடத்தில் உள்ள இருவர் மூன்றாண்டுகளாகச் சேர்ந்தே ஆடலாம். தரவரிசைப் பட்டியல் இந்த வேறுபாட்டைக் காட்டாது. எனவே ரசிகர் முதலில் தேட வேண்டியது இருவரின் எண்களை அல்ல. அவர்கள் சேர்ந்து எத்தனை ஆட்டம் ஆடியுள்ளனர் என்பதை.

நீடித்த இணையின் வலிமைக்குச் சான்றுகள் ஏராளம். அமெரிக்க இரட்டையர்களான பாப் பிரையன் – மைக் பிரையன் சேர்ந்து 16 கிராண்ட்ஸ்லாம் உட்பட 119 பட்டங்கள் வென்றனர். டேவிஸ் கோப்பையில் பயஸ் – பூபதி இணை தொடர்ந்து 24 ஆட்டங்கள் வென்றது. சானியா மிர்சா – மார்ட்டினா ஹிங்கிஸ் இணை 2015-16-இல் தொடர்ந்து 41 ஆட்டங்களில் தோல்வி காணவில்லை. அட்வான்டேஜ் இல்லாத கேம், 10 புள்ளி டை-பிரேக் ஆகியவற்றின் நடுவே 41 வெற்றி என்பது எத்தகைய மேலாதிக்கம் என்பதை மேற்சொன்ன கணக்குகளோடு வைத்துப் பார்த்தால் விளங்கும்.

ஆனாலும் இதை விதியாகக் கொள்ள இயலாது. 2014 விம்பிள்டனில் முதன்முறையாகச் சேர்ந்து ஆடிய அமெரிக்காவின் ஜாக் சாக், கனடாவின் வாசெக் போஸ்பிசில் இருவரும் இறுதியில் அதே பிரையன் சகோதரர்களை ஐந்து செட்களில் வீழ்த்தினர். 2022 ஆஸ்திரேலிய ஓப்பனை வைல்டு கார்டு மூலம் நுழைந்த நிக் கிர்ஜியோஸ் – தனாசி கோக்கினாக்கிஸ் இணை வென்றது. அடுத்த ஆண்டு அதே போட்டியில் ரிங்கி ஹிஜிகாட்டா – ஜேசன் கூப்ளர் இணையும் வைல்டு கார்டு வழியாகவே பட்டம் வரை சென்றது. உள்ளூர் இணைகளுக்கு வழங்கப்படும் வைல்டு கார்டை 'தயவில் வந்தவர்கள்' என ஒதுக்கிவிடும் ரசிகர் இந்த இரு ஆண்டுகளையும் மறக்கலாகாது.

தமிழக ரசிகர்களுக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு 2024 செப்டம்பரில் சீனாவின் ஹாங்ஜோவில் நடந்தது. சென்னையைச் சேர்ந்த ஜீவன் நெடுஞ்செழியன் – விஜய் சுந்தர் பிரசாந்த் இணை, ஜெர்மனியின் கான்ஸ்டான்டின் ஃபிரான்ட்சன் – ஹென்ட்ரிக் ஜெபென்ஸ் இணையை 4-6, 7-6, 10-7 என வென்று பட்டம் பெற்றது. முதல் செட் இழப்பு, இரண்டாவது செட் டை-பிரேக், பின்னர் 10 புள்ளி டை-பிரேக் என இந்த ஒரே ஆட்டத்தில் மேற்கூறிய அனைத்தும் அடங்கியுள்ளன.

ஒற்றையர் நட்சத்திரம் இரட்டையரில் இறங்கினால்?

இந்தக் கேள்விக்கு அண்மைக் காலம் தந்துள்ள விடைகள் சுவையானவை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ரஃபேல் நடால் – கார்லோஸ் அல்கராஸ் இணை பதக்கம் வெல்லும் என உலகமே எதிர்பார்த்தது. காலிறுதியில் இரட்டையர் ஆட்டத்தையே தொழிலாகக் கொண்ட அமெரிக்காவின் ஆஸ்டின் கிராய்செக் – ராஜீவ் ராம் இணை அவர்களை 6-2, 6-4 என நேர் செட்களில் வெளியேற்றியது.

அதற்கு அடுத்த ஆண்டு அமெரிக்க ஓப்பன் நிர்வாகம் கலப்பு இரட்டையரை முற்றிலும் மாற்றியமைத்தது. ஒற்றையர் நட்சத்திரங்களை ஈர்க்கும் வகையில் 16 இணைகள் மட்டும், இறுதிக்கு முன்புவரை நான்கு கேம் கொண்ட குறுகிய செட்கள், வென்ற இணைக்கு 10 லட்சம் டாலர் பரிசு என 2025 ஆகஸ்டில் இரு நாட்களில் போட்டி முடிந்தது. இரட்டையர் வீரர்களுக்கு இடம் மறுக்கப்படுவதாக விமர்சனம் எழுந்த அப்போட்டியில், முந்தைய ஆண்டின் சாம்பியன்களான இத்தாலியின் சாரா எர்ரானி – வவாசோரி இணையே மீண்டும் வென்றது. இறுதியில் அவர்களிடம் தோற்றவர்கள் இகா ஸ்வியாடெக் – கேஸ்பர் ரூட்.

காரணம் தேட வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. இரட்டையரில் புள்ளிகள் குறுகியவை. சர்வீஸ், ரிட்டர்ன், வலையருகே முதல் வாலி என மூன்று நான்கு அடிகளில் முடிந்துவிடுகின்றன. பேஸ்லைனில் நின்று இருபது முறை பந்தைத் திருப்பும் ஆற்றலுக்கு அங்கே வாய்ப்பு வருவதேயில்லை. வலையருகே நிற்பவர் எப்போது குறுக்கே பாய வேண்டும், எப்போது பாய்வதுபோல் பாவனை செய்ய வேண்டும் என்பது ஆண்டுக்கணக்கான பழக்கத்தில் வருவது. மறுபுறம், மிக வலுவான சர்வீஸும் துல்லியமான ரிட்டர்னும் உடைய ஒற்றையர் வீரர் எந்த இரட்டையர் இணையையும் திணறடிக்கலாம். ஆகவே பெயரைப் பார்க்காமல் சர்வீஸ், ரிட்டர்ன் இரண்டையும் பார்ப்பது நல்லது.

ஒற்றையர் வீரர் குறித்து மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. ஒற்றையரில் அவர் காலிறுதி, அரையிறுதி என முன்னேறினால் உடலைக் காக்க இரட்டையரிலிருந்து விலகுவது இயல்பு. நேற்றிரவு மூன்று மணி நேரம் ஒற்றையர் ஆடியவர் இன்று இரட்டையர் களத்தில் எப்படி நிற்பார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கடைசி நேர மாற்றம்

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் போபண்ணா – கோவையின் ஸ்ரீராம் பாலாஜி இணை முதல் சுற்றில் பிரான்சின் எடுவார் ரோஜர்-வாசெலின் – ஃபேபியன் ரெபுல் இணையைச் சந்திப்பதாக இருந்தது. ரெபுல் காயத்தால் விலக, கடைசி நேரத்தில் கேல் மோன்ஃபில்ஸ் உள்ளே வந்தார். பழகிய இணை உடைந்துவிட்டது, இந்தியாவுக்குச் சாதகம் எனக் கணித்தவர்களில் இக்கட்டுரையாளரும் ஒருவர். ஆட்டம் 7-5, 6-2 எனப் பிரான்ஸ் பக்கம் முடிந்தது. இந்தியாவுக்காக போபண்ணா ஆடிய கடைசி ஆட்டமும் அதுவாக அமைந்தது. 2025 நவம்பரில் அவர் தொழில்முறை டென்னிஸிலிருந்து ஓய்வை அறிவித்தார்.

அன்று கணிப்பு தவறியதற்கு இரு காரணங்கள் உள்ளன. இணை மாறியது என்பதை மட்டும் கணக்கிலெடுத்து, வந்தவர் யார், எந்த ஊர் மைதானம், அரங்கில் யாருக்கு ஆரவாரம் என்பவற்றைக் கணக்கில் எடுக்கவில்லை என்பது ஒன்று. மற்றொன்று வெளிப்படையானது: வெல்ல வேண்டும் என்ற ஆசை, வெல்வர் என்ற கணிப்பாக உருமாறிவிட்டது. இந்திய இணை ஆடும் ஆட்டங்களைக் கணிக்கும்போது நாட்டின் பெயரை மறைத்துவிட்டு, இணை 'அ', இணை 'ஆ' என எழுதி விவரங்களை மட்டும் ஒப்பிடுவது இதற்கு எளிய மருந்து. கைகொடுக்கும், முழுமையாகக் குணமாக்காது.

தரை, காற்று, இடக்கை

விரைவான தரையில் சர்வீஸ் ஓங்கும், டை-பிரேக்குகள் பெருகும், முடிவு நாணயச் சுழற்சிக்கு நெருங்கும். களிமண் தரையில் ரிட்டர்ன் செய்வோருக்குச் சற்று அவகாசம் கிடைக்கும். கடல் மட்டத்திலிருந்து உயரம் கூடினால் காற்றின் அடர்த்தி குறைந்து பந்து விரைந்து செல்லும். சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூருவில் சர்வீஸ் அடித்துப் பழகியவருக்கும் கடலோர மும்பையின் ஈரக்காற்றில் ஆடுபவருக்கும் ஒரே பந்து ஒரே விதமாக நடந்துகொள்வதில்லை.

வலக்கையர் ஒருவர், இடக்கையர் ஒருவர் எனச் சேர்ந்த இணைக்குச் சிறு சாதகம் உண்டு என்பது பரவலான கருத்து. சூரியன், காற்று ஆகியவற்றின் திசைக்கு ஏற்ப யார் எந்த முனையில் சர்வீஸ் செய்வது என வகுத்துக்கொள்ள முடியும் என்பதும், எதிராளிக்குச் சுழற்சி மாறி மாறி வரும் என்பதும் காரணங்கள். பிரையன் சகோதரர்களில் பாப் இடக்கையர். ஆஸ்திரேலியாவின் டாட் வுட்பிரிட்ஜ் – மார்க் வுட்ஃபோர்டு இணையில் வுட்ஃபோர்டு இடக்கையர். பயஸ், பூபதி இருவருமே வலக்கையர்கள் என்பதால் இதை மிகைப்படுத்தவும் வேண்டியதில்லை.

எப்படி எழுதி வைப்பது

ஒரு குறிப்பேடும் பேனாவும் போதும். ஆட்டம் தொடங்கும் முன் ஒவ்வொரு கணிப்பையும் விழுக்காடாக எழுத வேண்டும். 'இவர்கள் வெல்வர்' என்பது கணிப்பன்று. 'இவர்கள் வெல்ல 60 விழுக்காடு' என்பதே கணிப்பு. 50-இல் தொடங்கி, சேர்ந்து ஆடிய அனுபவம், அண்மை ஆட்டங்கள், தரை, களைப்பு ஆகியவற்றுக்கேற்பச் சில புள்ளிகள் மேலும் கீழும் நகர்த்தலாம். இரட்டையரில் 75-ஐத் தாண்டி எழுதக் கை எழும்போது ஒருமுறை நிறுத்தி யோசிப்பது நலம்.

கணிப்பைச் சோதிக்க ஓர் எளிய அளவுகோல் உண்டு. வானிலைக் கணிப்புகளை மதிப்பிட அமெரிக்க வானிலையாளர் கிளென் பிரையர் 1950-இல் வெளியிட்ட முறை அது. கணித்த வாய்ப்புக்கும் நடந்ததற்கும் உள்ள வேறுபாட்டை இருமடிப் பெருக்கிச் சராசரி காண வேண்டும். 0.70 என எழுதிய இணை வென்றால் வேறுபாடு 0.30, அதன் இருமடி 0.09. தோற்றால் வேறுபாடு 0.70, இருமடி 0.49. எண் குறையக் குறையக் கணிப்பு சிறந்தது. எதையும் ஆராயாமல் எல்லா ஆட்டத்துக்கும் 0.50 என எழுதுபவரின் சராசரி 0.25. ஒரு பருவம் முழுதும் எழுதிய பின் சராசரி 0.25-க்கு மேல் இருந்தால், ஆராய்ந்து எழுதியதைவிட ஆராயாமல் இருந்திருப்பதே மேல் என்று பொருள். இதைக் கண்டு மனம் தளர்ந்து குறிப்பேட்டை மூடியவர்கள் உண்டு.

கணக்கில் நாட்டமுள்ளோர் சதுரங்கத்துக்காக அர்பாட் ஈலோ உருவாக்கிய மதிப்பெண் முறையை இதற்குப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு வீரருக்கும் ஒரு மதிப்பெண். இணைக்கு இருவரின் சராசரி. இரு இணைகளுக்கும் இடையே 100 மதிப்பெண் வேறுபாடு இருந்தால் மேலான இணைக்கு 64 விழுக்காடு வாய்ப்பு, 200 என்றால் 76 விழுக்காடு. ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பின்னும் மதிப்பெண் மாறும். ஆனால் இருவரின் புரிதலை இம்முறை அளக்காது. அந்த இடைவெளியை ஆட்டத்தைக் கண்ணால் பார்த்தே நிரப்ப வேண்டியுள்ளது.

பணம் வைத்தால் என்ன ஆகும்

கணிப்பில் ஓரளவு தேர்ச்சி வந்தவுடன் அடுத்து எழும் எண்ணம் இதுவாகவே இருக்கிறது. கைப்பேசியில் வரும் விளம்பரங்களும் அதையே தூண்டுகின்றன. பந்தயத் தளம் ஒன்று ஓர் இணைக்கு 1.50, எதிர் இணைக்கு 2.50 என விகிதம் கொடுப்பதாகக் கொள்வோம். 1.50 என்பது 66.7 விழுக்காடு வாய்ப்பையும், 2.50 என்பது 40 விழுக்காட்டையும் குறிக்கும். கூட்டினால் 106.7. நூறைத் தாண்டிய அந்த 6.7 பந்தய நிறுவனத்தின் பங்கு.

இப்போது ஒருவர் 1.50 விகிதமுள்ள இணைகள் மீது தலா 100 ரூபாய் வீதம் 100 ஆட்டங்களுக்குப் பணம் வைக்கிறார். 65 ஆட்டங்களில் அவர் கணிப்பு சரி. இரட்டையர் டென்னிஸில் இது நல்ல தேர்ச்சியே. அவர் செலுத்தியது 10,000 ரூபாய். திரும்பப் பெறுவது 65 முறை 150 ரூபாய், அதாவது 9,750 ரூபாய். ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு சரியாகச் சொல்லியும் 250 ரூபாய் இழப்பு. சிறு சம்பளத்தில் வாழும் குடும்பத்தில், இழந்ததை மீட்க அடுத்த முறை இருமடங்கு வைப்பது என்ற இடத்தில்தான் இது வீட்டு வாடகையைத் தொடுகிறது.

சட்டமும் மாறியுள்ளது. குதிரைப் பந்தயம் திறன் சார்ந்த விளையாட்டு என, தமிழ்நாட்டைச் சேர்ந்த லட்சுமணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. அதன் பின் 'இது திறனா, அதிர்ஷ்டமா' என்ற வாதம் பல ஆண்டுகள் நீடித்தது. நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற இணையவழி விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் அந்த வேறுபாட்டையே விலக்கிவிட்டது. திறன் சார்ந்ததாயினும் அதிர்ஷ்டம் சார்ந்ததாயினும் பணம் கட்டி ஆடும் இணையவழி விளையாட்டுகளை வழங்குவதற்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்வதற்கு இரண்டாண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் என அச்சட்டம் வகுக்கிறது. பணம் கட்டி விளையாடுவோரைப் பாதிக்கப்பட்டோராகவே அரசு கருதுகிறது.

இப்பழக்கத்திலிருந்து மீள இயலாமல் தவிப்போர் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலும் ஆலோசனை பெறலாம். இணையவழியில் பணமோசடிக்கு ஆளானோர் 1930 என்ற எண்ணை அழைக்கலாம்.

ஆட்டத்தின் நேர்மை தொடர்பான சிக்கலும் இதில் உண்டு. வீரர்கள், பயிற்சியாளர்கள், நடுவர்கள் ஆகியோர் டென்னிஸ் மீது பந்தயம் கட்ட முற்றிலும் தடை உள்ளது. 2021 முதல் சர்வதேச டென்னிஸ் நேர்மை முகமை இதைக் கண்காணிக்கிறது. அரங்கில் அமர்ந்து ஒவ்வொரு புள்ளியையும் பந்தயக்காரர்களுக்கு உடனுக்குடன் அனுப்புவதும் தடை செய்யப்பட்டுள்ளது. பிடிபட்டால் பார்வையாளர் வெளியேற்றப்படுவார். பரிசுத்தொகை குறைந்த சிறு போட்டிகளில் பயணச் செலவைக்கூட ஈடுகட்ட முடியாத வீரர்களே இத்தகைய வலையில் சிக்கும் அபாயம் அதிகம்.

அதே வேளையில், எதிர்பாராத முடிவு வந்தவுடன் 'விலைபோய்விட்டனர்' என முத்திரை குத்துவதும் தவறு. 2016 ஆஸ்திரேலிய ஓப்பனின் கலப்பு இரட்டையர் ஆட்டம் ஒன்றில் பந்தயப் பணம் ஒரே பக்கம் குவிந்ததால் நிறுவனம் ஒன்று பந்தயத்தையே நிறுத்தியது. தோற்ற இணை குற்றச்சாட்டை மறுத்தது. முழங்கால் காயமே காரணம் என அந்த வீரர் கூறினார். குறிப்பேட்டில் 'களைப்பு, காயம்' என்ற கட்டம் ஏன் தேவை என்பதற்கு அந்த நாள் ஒரு சாட்சி.

நேரில் பார்க்க

இரட்டையர் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் முழுமையாகக் காண்பது அரிது. அப்படியே காட்டினாலும் பந்தைப் பின்தொடரும் படக்கருவி, வலையருகே நிற்பவரின் அசைவை விட்டுவிடுகிறது. மும்பை ரசிகர்களுக்கு அதற்கு வாய்ப்பளிப்பது கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியா வளாகத்தில் நடைபெறும் மகளிர் 125 நிலைப் போட்டியான மும்பை ஓப்பன். 2017, 2018 ஆகிய ஆண்டுகளுக்குப் பின் இடைவெளி விட்டு 2024, 2025-இல் மீண்டும் நடைபெற்றது. கோவையைச் சேர்ந்த 15 வயது மாயா ராஜேஸ்வரன் ரேவதி 2025-இல் ஒற்றையர் அரையிறுதி வரை முன்னேறியது இங்குதான்.

வடாலா ரோட்டிலிருந்து துறைமுக வழித்தட ரயிலில் சத்ரபதி சிவாஜி மகராஜ் முனையம் சென்று, அங்கிருந்து சர்ச்கேட் பக்கம் நடந்தால் மைதானத்தை அடையலாம். இருக்கையை மைதானத்தின் நீளப் பக்கத்தில் அல்லாமல் பேஸ்லைனுக்குப் பின்புறம் தேர்வு செய்தால், சர்வீஸுக்கு முன் வலையருகே இருப்பவர் முதுகுக்குப் பின்னால் விரல்களால் காட்டும் சைகை தெரியும். எந்தப் பக்கம் நகரப் போகிறார் என்பதை இணைக்குச் சொல்லும் சைகை அது. 40-40 ஆனதும் எந்த வீராங்கனை சர்வீஸை எதிர்கொள்ள முன்வருகிறார் என்பதையும் கவனிக்கலாம். இணைக்குள் யாருடைய ரிட்டர்ன் மீது நம்பிக்கை அதிகம் என்பது அப்போது தெரிந்துவிடும். அடுத்த சுற்றுக்கான கணிப்பில் அதைக் குறித்துக்கொள்ளலாம்.